கரை சொல்லாமல் வந்தவன்

அக்டோபர் 24, புதன்

ஒக்கிப் புயல் அடித்த மறுவருஷம் இது. மலையாள தேசத்தில் வெள்ளம் வந்து, ஓணத்துக்குப் போக வேண்டிய பூ தோவாளைச் சந்தையில் வாடிக் கிடந்த வருஷம். சபரிமலைத் தகராறில் பஸ் ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் நாங்கள் வேன் பிடித்துத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வந்த ஐப்பசி மாதம். வருஷத்தின் எண் எனக்கு நிற்காது. கூட என்ன நடந்தது என்று சொன்னால் எந்த வருஷம் என்று தெரிந்துவிடும்.

எனக்கு எழுத்து தெரியாது. மடத்து சிஸ்டர் இந்தப் போனில் ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டி, "பாட்டா, பார்த்ததை எல்லாம் தினமும் இதுல பேசி வையுங்க. நீங்க வந்த பிறகு நான் கேட்டு எழுதுதேன். திருநாள் மலர்ல போடலாம்" என்றாள். அதனால் பேசுகிறேன். எருசலேம் யாத்திரைக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் போகிறோம். கூட்டிப் போகிறவர் ஃபாதர் டன்ஸ்டன். சீட்டு எடுத்துத் தந்தது மஸ்கட்டில் இருக்கும் என் தங்கை மகன். பாஸ்போர்ட் நான் பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போன காலத்தில் எடுத்தது. என் மகன் கிளீட்டஸ் அதைப் புதுப்பித்து வைத்திருந்தான். "ஒருநாள் உங்கள எருசலேமுக்கு அனுப்புவேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

மருமகள் ஜெனிட்டா வேன் வரை வந்தாள். பையை ஏற்றிவிட்டுக் கேட்டாள்.

"கல்லறைத் திருநாளுக்கு நீங்க ஊர்ல இருக்க மாட்டியளே மாமா."

"தேதி அப்படி விழுந்துட்டு."

"விழல மாமா. இதுக்கு முந்தின குரூப்பும் இருந்துது."

வேன்காரன் ஹாரன் அடித்தான். ஏறிவிட்டேன்.

மஸ்கட் ஏர்போர்ட்டில் விமானம் மாற வேண்டும். தரை துடைக்கிற பையன்களில் ஒருவன், முதுகு அப்படியே கிளீட்டஸ். ஃபாதர் கூப்பிடக் கூப்பிட நான் அவன் பின்னால் நடந்தேன். "தம்பி, எந்த ஊரு?" திரும்பினான். வங்காளதேசத்துக்காரன் என்று பிறகு சொன்னார்கள். நல்ல பையன். எனக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டினான்.

அக்டோபர் 25, வியாழன்

ஜோர்தான் நாடு, அம்மான் பட்டணம். குழுவில் எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்திருக்கிறார்கள். ஜோடி இல்லாதவர்கள் இரண்டு பேர், நானும் ஜஸ்டஸும். அதனால் ஒரே அறை. ஜஸ்டஸ் மார்த்தாண்டத்துக்காரர், சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து கொஞ்ச வருஷம் ஆகிறது. சி.எஸ்.ஐ. சபைக்காரர். நான் ஜெபமாலை சொல்வதைக் கட்டிலில் குப்புறக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓய் பாட்டா, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னா மாதாவுக்குச் சலிக்காதா?"

"நீரு காலம்பூரா டிக்கெட் டிக்கெட்னு சொன்னீரே. உமக்குச் சலிச்சுதா?"

சிரித்தார். நல்ல மனிதர். தூக்கத்தில்கூட "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிறார்.

மருமகள் பையில் கிளீட்டஸின் ஸ்வெட்டரை வைத்திருக்கிறாள். நீலம், கழுத்தில் வெள்ளைக் கோடு. அவன் வந்தால் கேட்பான் என்று அதை நான் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். சாவி அவளுக்கு எப்படிக் கிடைத்தது?

சாயந்தரம் ஹோட்டல் டி.வி. முன்னால் கூட்டம். சாக்கடல் பக்கம் எங்கோ மழை பெய்து, காய்ந்த ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்து, சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டதாம். ஹோட்டல் வாசலில் நிற்கிற காவல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஏதோ சொன்னார். மொழி தெரியாது. "எனக்குத் தெரியும்" என்று தமிழில் சொன்னேன். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம்.

அக்டோபர் 26, வெள்ளி

நேபோ மலை. மோசே இங்கே ஏறி நின்றுதான் வாக்களிக்கப்பட்ட தேசத்தைப் பார்த்தாராம். பார்த்தார், போகவில்லை. இங்கேயே இறந்துபோனார். அவர் கல்லறை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்று ஃபாதர் வாசித்தார். எல்லாரும் அக்கரையைப் போட்டோ எடுத்தார்கள். தூசி. ஒன்றும் தெரியவில்லை.

கல்லறை இல்லாத ஆட்களைப் பற்றி நான் சொல்ல வேண்டும். சிஸ்டருக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

எங்கள் மிக்கேல்துறையில், கல்லறைத் தோட்டத்தின் கடல் பக்க மதிலோரம் ஒரு குருசு நிற்கிறது. கடலில் போய் உடல் கிடைக்காதவர்கள் எல்லாருக்கும் அது ஒன்றுதான் கல்லறை. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் சாயந்தரம், அந்தக் குருசடியில் நின்று ஒரு ஆள் கரை சொல்ல வேண்டும். கடல் கொண்டவனின் பெயரைச் சொல்லி, அவனுக்காகக் கரையில் நிற்பது யார் என்றும் சொல்வதுதான் கரை சொல்வது. "சவரிமுத்து. கரையில் மகள் அந்தோணியம்மாள்." பெயர் சொல்லப்பட்டவர் முன்னால் வந்து மெழுகுதிரி ஏற்றுவார். அடுத்த வருஷமும் அவரேதான், சாகும்வரை. வீட்டில் யாரும் மிஞ்சவில்லை என்றால் "கரையில் ஊர்" என்று சொல்வோம், ஊருக்காகக் கோயில் உபதேசியார் ஏற்றுவார்.

சொன்ன கரையை மாற்றக் கூடாது. இறந்தவனின் மனைவி பெயரைச் சொல்லிவிட்டால் அவள் அவனுக்கென்று நின்றவள். அதற்குப் பிறகு எங்கள் துறையில் யாரும் அவளைப் பெண் கேட்க மாட்டார்கள். யாருடைய பெயரைச் சொல்வது என்பது சொல்கிறவன் வாயில் இருக்கிறது.

பெரிய யாகப்பன் இருந்தவரை அவர் சொன்னார். அவருக்குப் பிறகு நான். எத்தனை பெயர் என்று எண்ணியது கிடையாது. வலை இழுக்கும்போது ஒரு மிதப்புக்குப் பின் அடுத்த மிதப்பு தானாக மேலே வருகிற மாதிரி, ஒரு பெயர் அடுத்த பெயரை இழுத்துக்கொண்டு வரும்.

ஒக்கியில் போனவர்களின் பெயர்கள் இந்த வருஷம்தான் முதன்முதலாகச் சேர வேண்டும். கிளீட்டஸின் போட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் ஆத்துமாவுக்குப் பூசை வைத்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை. லட்சத்தீவில் கரையேறினவர்கள் உண்டு. குஜராத்தில் கரையேறினவர்கள் உண்டு. ஏதோ ஒரு நாட்டு ஜெயிலில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒருவர் பேப்பரில் பார்த்ததாகச் சொன்னார்.

இந்த வருஷம் பார்த்து நான் ஊரில் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அக்டோபர் 27, சனி

எல்லை தாண்டினோம். இஸ்ரவேல் பக்கம் கூண்டுக்குள் இருந்த அதிகாரிப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்கிறாள் என்று ஃபாதர் சொன்னார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 28, ஞாயிறு

கலிலேயாக் கடல் என்கிறார்கள். உப்பு இல்லை. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நம்முடைய பேச்சிப்பாறை அணை மாதிரி, அதைவிடப் பெரிது.

ஒக்கிக்குப் பிறகு நான் தண்ணீரில் கால் வைக்கவில்லை. "நான் கரையிலேயே இருக்கேன் ஃபாதர்" என்றேன். "பாட்டா, சீடர்கள் போன கடல். நீங்க ஏறாம யார் ஏறுவா?" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பெரிய மரப் படகு. நம் கொடியை ஏற்றி, நம் தேசிய கீதத்தைப் போட்டார்கள். பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். நடுத்தண்ணீருக்குப் போனதும் இன்ஜின் நின்றது.

இன்ஜின் நின்றால் எனக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது. எழுந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். "அணியத்தைக் காத்துக்குத் திருப்பு! அணியத்தைத் திருப்பு!" என்று கத்தியிருக்கிறேன். படகின் முன்மூக்கை நாங்கள் அணியம் என்போம். படகோட்டி, தடித்த ஆள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "பாபா, பாபா, ஓகே, ஓகே" என்றான். ஜெபம் செய்வதற்காக அவனேதான் இன்ஜினை அணைத்திருக்கிறான். எல்லாக் குழுவுக்கும் இங்கே அப்படிச் செய்வார்களாம். காற்றே இல்லை. தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஜஸ்டஸ் மட்டும் சிரிக்காமல் நகர்ந்து இடம் கொடுத்து, "இரியும் வேய். நம்ம ஸ்டாப் இன்னும் வரல" என்றார்.

ஃபாதர் புயலை அடக்கிய வசனத்தை வாசித்தார். ஆண்டவர் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கினார், சீடர்கள் எழுப்பினார்கள், அவர் காற்றை அதட்டினார். இறங்கி நடக்கும்போது நான் ஃபாதரிடம் கேட்டேன்.

"வேற படகுகளும் கூட வந்துதுன்னு வாசிச்சியளே ஃபாதர். அந்தப் படகுகள் என்ன ஆச்சு?"

"காத்து அடங்கினா எல்லாருக்கும்தானே அடங்கும் பாட்டா."

"அடங்குறதுக்கு முன்னால?"

"தெரியாது பாட்டா. எழுதல" என்றார். பிறகு என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார். மத்தியானம் ஒரு மீனை முழுசாகப் பொரித்துத் தந்தார்கள், பேதுரு மீன் என்று பெயர். முள் அதிகம், ருசி இல்லை. புளி இல்லாமல் மீன் என்ன மீன்?

மருமகள் போன் பண்ணினாள். சாப்பிட்டியளா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். கிணற்று மோட்டார் ஓடவில்லையாம், ததேயு வந்து சரிசெய்து கொடுத்தானாம். ததேயு துறையில் போட் இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். கிளீட்டஸின் கூட்டாளி. போன மாதம் கூரை ஓடு மாற்றவும் அவன்தான் வந்தான். இன்ஜின் மெக்கானிக்குக்கு ஓட்டில் என்ன வேலை?

அக்டோபர் 29, திங்கள்

கப்பர்நாகூம். இடிந்த ஊர். கறுப்புக் கல்லில் சின்னச் சின்ன அறைகள், இடுப்பளவு சுவர்தான் மிச்சம். இதுதான் பேதுருவின் வீடு என்றார்கள். மேலே விமானம் இறங்கின மாதிரி ஒரு கோயில் கட்டி, நடுவில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடி வழியாகக் கீழே வீட்டைப் பார்க்கலாம். எனக்கு அந்த வீட்டில் வாசல் எது, வலை எங்கே காய்ந்திருக்கும், பானை எங்கே இருந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றியது.

"பேதுரு மாமியாரக் கூட வச்சிக்கிட்டு இருந்த ஆளு" என்றார் ஜஸ்டஸ். "அதான் கூப்பிட்ட உடனே வலையப் போட்டுட்டுப் போயிட்டாரு."

"போன பிறகு வீட்டுல இருந்தவங்க என்ன செஞ்சாங்க?"

"ஓய், உமக்கு இந்த யாத்திரையில பேதுரு வேண்டாம், யோவான் வேண்டாம். நிக்கிற ஆளு மட்டும்தான் வேணும்."

அங்கே நிற்கும்போது ஊரிலிருந்து உபதேசியார் போன் பண்ணினார்.

"பாட்டா, இந்த வருஷம் கரை யாரு சொல்லுவா?"

"சாமியாரு சொல்லட்டும்."

"எழுதி வாசிக்கலாம்னுதான் சாமியாரும் சொன்னாரு. பெண்டுவ ஒத்துக்கல. எழுதிப் படிச்சா அது விளம்பரம் மாதிரி இருக்குமாம். பாட்டா வாயால வரணுமாம்."

"நான் கப்பர்நாகூம்லல்லா நிக்கேன்."

"எங்க நின்னா என்ன? போனுல சொல்லுங்க. நான் ஸ்பீக்கர்ல போட்டு மைக்குகிட்ட பிடிக்கேன். இங்க சாயந்தரம்னா உங்களுக்கு அங்க மத்தியானம்தான்."

சிக்னல் கிடைக்குமோ என்னவோ என்றேன்.

"இப்ப நல்லாத்தான் கேக்குது பாட்டா" என்றார்.

அக்டோபர் 30, செவ்வாய்

கானா ஊர். தண்ணீர் திராட்சரசமான கல்யாண வீடு. இங்கே வருகிற தம்பதிகள் கல்யாண வாக்கைத் திரும்பச் சொல்வார்களாம். எங்கள் குழுவில் எல்லாரும் பட்டுச்சேலை, வேட்டி எடுத்து வந்திருந்தார்கள். எனக்கும் ஜஸ்டஸுக்கும் வெளியே வேலை, பைகளைப் பார்த்துக்கொள்வது. மதில் மேல் பைகளை வரிசையாக வைத்து, இரண்டு முனையிலும் ஆளுக்கொருவராக உட்கார்ந்தோம். உள்ளே சிரிப்பும் கைதட்டலும். ஜஸ்டஸ் ஒரு மாதுளம்பழம் வாங்கி உரித்துப் பாதி தந்தார்.

"என் வீட்டுக்காரி வாறேன் வாறேன்னு சொல்லுவா" என்றார். "லீவு கிடைக்கட்டும்னு நான் சொல்லுவேன். லீவு கிடைச்சுது."

அப்போதுதான் மருமகள் போன் வந்தது. வழக்கமாகச் சாப்பிட்டியளா என்று ஆரம்பிப்பாள். இன்று அது இல்லை.

"மாமா, ஒரு காரியம் கேக்கணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"ததேயு வீட்ல கேக்குறாவ. எனக்கு."

மாதுளை முத்துகள் கையில் இருந்தன.

"நான் ஒண்ணும் சொல்லல மாமா. மாமா கல்லறைத் திருநாளுக்கு என்ன கரை சொல்லுதாரோ அதுதான்னு சொல்லிட்டேன். இங்க நின்னா சொல்லணும்னுதானே நீங்க அங்க போனிய?"

"அவன் வருவான்."

"வந்தா எனக்குச் சந்தோஷம் இல்லையா? பதினொரு மாசமா வாசக்கதவப் பூட்டாமத்தான கிடக்கேன். உங்களுக்கு ஒரு மகன் கடல்ல இருக்கான். எனக்கு ஊர்ல இருக்கவும் இடமில்ல, இல்லாம இருக்கவும் இடமில்ல. நான் எங்க நிக்க, மாமா?"

பக்கத்தில் கடல் இரைந்தது. துறையில் நின்று பேசியிருக்கிறாள், வீட்டில் இருந்து இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள்.

"என் பேரச் சொன்னியன்னா நான் நிப்பேன் மாமா. மனசார நிப்பேன். திரி வாங்கி வச்சிருக்கேன். ஆனா ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சொல்லாம விட்டுராதிய."

வைத்துவிட்டாள். கானாவில் கல்யாணம் முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் சின்னப் பாட்டிலில் திராட்சரசம் கொடுத்தார்கள். பை பார்த்ததற்காக எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

சிஸ்டர், இன்றைக்குச் சொன்னதை எழுத வேண்டாம்.

அக்டோபர் 31, புதன்

பெத்லகேம். கோயில் வாசல் சின்னது, குனிந்துதான் போக வேண்டும். இடுப்பு வலி.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஏன் என்று தெரியவில்லை, மாட்டுத்தொழுவத்தைப் பார்த்ததும் நினைவு வந்தது.

கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் அப்பா போனார். கட்டுமரம் மட்டும் திரும்பி வந்தது. எனக்கு நல்ல விவரம் தெரிகிற வயசு. குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தச்சர் எங்கள் துறைக்குக் கட்டுமரம் செதுக்க வருவார். பெயர் லாசர். அவர் அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பனங்கருப்பட்டி கொண்டுவருவார். ஒருநாள் அம்மா அடுப்படியில் பாடுவதைக் கேட்டேன். அம்மா பாடுவாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கல்லறைத் திருநாள் வந்தது. பெரிய யாகப்பன் அப்பாவின் பெயரைச் சொல்லி, கரையில் பெண்டாட்டி மதலேனாள் என்றார். அம்மா முன்னால் போய்த் திரி ஏற்றினாள். அதற்குப் பிறகு தச்சர் வேலைக்கு வந்தால் வேலையைப் பார்த்துவிட்டுப் போவார். கருப்பட்டி இல்லை. அம்மா ஒவ்வொரு வருஷமும் திரி ஏற்றினாள், முதுகு வளைந்து நான் கைபிடித்துக் கூட்டிப்போகிற காலம்வரை. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பாடினதும் இல்லை.

அன்றைக்கு என் பாட்டன், அப்பாவைப் பெற்றவர், உயிரோடுதான் இருந்தார். அந்தக் குருசடியில்தான், அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். பெண்டாட்டி இருக்கும்போது அப்பனைக் கரை சொன்ன வழக்கம் இல்லை. கூடாது என்றும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மருமகள் இன்று கூப்பிடவில்லை.

நவம்பர் 1, வியாழன்

எருசலேம். ஆண்டவரின் கல்லறைக்குள் போக நீண்ட வரிசை. ரஷ்யாக்காரப் பெண்கள் முழங்கையால் இடித்து முன்னால் போனார்கள். ஜஸ்டஸ், "படியில நிக்காதிய, உள்ள எடம் கிடக்கு" என்று தமிழில் சத்தம் போட்டார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, நகர்ந்து வழிவிட்டார்கள்.

உள்ளே இரண்டு மூன்று பேர் நிற்கலாம். ஒரு பளிங்குக் கல். அதைத் தொட்டேன். வேறு ஒன்றும் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு கல்லறையைப் பார்க்கத்தான் இத்தனை உலகத்து ஆட்களும் வருகிறார்கள். நாங்கள் ஒரு குருசை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். காவலுக்கு நின்ற சாமியார் கதவைத் தட்டி, போதும் வா என்றார். வெளியே வந்துவிட்டேன்.

உபதேசியார் போன். "நாளைக்குப் பாட்டா. மறந்துராதிய." எனக்கு மறதி இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 2, வெள்ளி

ஒலிவ மலை. மலைச்சரிவு முழுக்க யூதர்களின் கல்லறைகள். பூ இல்லை, திரி இல்லை. ஒவ்வொரு கல்லறை மேலும் சின்னச் சின்னக் கற்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தேன் என்று சொல்லத்தான் கல் வைப்பார்களாம், ஃபாதர் சொன்னார். குளிர் காற்று. கிளீட்டஸின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். கை மட்டும் நீளம். மடித்துவிட்டேன்.

குழு கீழே ஆண்டவர் அழுத இடத்துக் கோயிலுக்குப் போனது. நான் மதிலோரம் உட்கார்ந்தேன். ஜஸ்டஸ் போகவில்லை.

"நீரு போம் ஓய்" என்றேன். "உங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபம் கிடையாதே."

"ஜெபம் கிடையாது. போன் பிடிக்கலாம்" என்றார். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

உபதேசியார் கூப்பிட்டார். முதலில் மைக் இரைச்சல், பிறகு கடல். எங்கள் கடலின் சத்தம் வேறு. கல்லுமேல் ஏறி மணலை இழுத்துக்கொண்டு இறங்கும். அதைக் கேட்டதும் எனக்கு வாய் திறந்துகொண்டது.

ஆரம்பத்துப் பெயர்களுக்கு ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது, பெயர் மட்டும் இருக்கிறது. கன்னிமுத்து, கரையில் ஊர். பிரகாசி, கரையில் ஊர். அப்புறம் வசூரி வருஷத்துக் காற்றில் போனவர்கள், யுத்த காலத்தில் போனவர்கள். என் அப்பா பெயர் வந்தது. கரையும் சொன்னேன், அம்மாவுக்குப் பிறகு அந்தத் திரி என்னுடையது. தனுஷ்கோடி அழிந்த வருஷம், சுனாமி வருஷம். ஒவ்வொரு பெயருக்கும் அங்கே மணலில் ஒரு காலடிச் சத்தம், தீப்பெட்டி உரசுகிற சத்தம். ஜஸ்டஸ் கையை மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை. மேலே ஏறி வந்த வேறு நாட்டுக் கூட்டம் ஒன்று பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கிப் போனது.

ஒக்கி வந்தது.

டார்வின். கரையில் தாயார் பிலோமினாள்.

ஆன்றோ. கரையில் பெண்டாட்டி சுனிதா. நான் புறப்படுமுன் அவளே என் வீட்டுக்கு வந்து, என் பேரைச் சொல்லுங்க பாட்டா, எனக்கு மூணு பிள்ளைகள் இருக்கு, நான் நிப்பேன் என்று கேட்டுக்கொண்டவள்.

அதற்குப் பிறகு நான் நிறுத்தினேன். கடல் மட்டும் கேட்டது. இங்கேயிருந்து பார்த்தால் சரிவுக்கு அந்தப் பக்கம் எருசலேம் பட்டணத்தின் அடைத்துப்போட்ட வாசல் ஒன்று தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பாட்டா?" என்றார் உபதேசியார். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "பாட்டா, ஜெனிட்டா திரியோட முன்னால வந்து நிக்கா. வெள்ளச் சேல உடுத்திருக்கா. என்ன செய்ய?"

ஜஸ்டஸ் என்னைப் பார்த்தார். அவர் வேலைக் காலத்தில் எத்தனை ஆட்களை இறக்கிவிட்டிருப்பார். மெதுவாக, "ஸ்டாப் வந்துட்டு பாட்டா" என்றார்.

கிளீட்டஸ் என்று சொன்னேன். இந்தப் பதினொரு மாதத்தில் அவன் பெயரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். போலீசில், கலெக்டர் ஆபீசில், ஏர்போர்ட்டில், தூக்கத்தில். இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அங்கே போனுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒரு மூச்சு இழுத்தது இங்கே கேட்டது.

"உபதேசியாரே" என்றேன், "அந்தத் திரிய அவ கையில இருந்து வாங்கும். அவ ஏத்தாண்டாம். நான் வார வரைக்கும் எனக்குப் பதிலா நீரு பிடியும்."

"பாட்டா, பெண்டாட்டி இருக்கும்போது..."

"சொல்லுறவன் வாயிலதான் இருக்கு. வாங்கும்."

அவள் கொடுத்தாளா, அழுதாளா, ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி "சொல்லட்டும், சொல்லட்டும்" என்றது மட்டும் கேட்டது. பிறகு மைக்கைத் திறந்துவிட்டார்கள். மறுபடியும் கடல்.

ஊருக்கே கேட்கும்படி, விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.

கிளீட்டஸ். கரையில் அப்பன் இஞ்ஞாசி.